முழங்கால் உயரம் தூக்கிய ஷட்டர்

இன்று காலை எழுந்ததும் முதலில் பீரோவைத் திறந்தேன். பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, டிகாஷன் போடவில்லை. பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்தாற்போல் வைத்திருந்த சின்னத் தெர்மகோல் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மீன் வாசனை போயே போய்விட்டது. இத்தனை வருஷத்தில் போகாமல் இருக்குமா? இருந்தும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நீ இருந்திருந்தால், "ஏட்டி, தயிர்சாதக்காரி, இலிஷ் வாசனைக்கா ஏங்குதே?" என்று கேட்டிருப்பாய்.

பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்கு நடுவே அந்த மெழுகுக் கட்டி. தீப்பெட்டியின் பாதி கனம்கூட இருக்காது. பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். மெழுகுக்குள் பழுப்பாக, ஊறவைத்த மொச்சையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு. என் மகள் மதுராவின் வயிற்றுப் புற்றிலிருந்து எடுத்தது. அவள் உடம்பில் இருந்தது என்று சொல்லித் தொட்டுப் பார்க்க எனக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அவளைக் கொண்டுபோனதும் இதுதான். கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே விளங்குவதில்லை.

கல்லூரியிலிருந்து கூடவே வந்த நீ இறந்துபோனது சரஸ்வதி பூஜை வாரத்தில். நீ வேலை பார்த்த யுனிவர்சிட்டி வாசலில் மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டுதான் நான் ஆம்புலன்ஸ் நின்ற இடத்துக்கு ஓடிவந்தேன். மேஜையில் தலையைச் சாய்த்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இப்போது மழை ஓய்ந்துவிட்டது. பாலிகஞ்சில் எங்கள் சந்து முனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை துர்கா பூஜைக்கு, கூட்டத்தைத் திட்டிக்கொண்டே என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துப்போக யாரும் வரப்போவதில்லை.

போன வாரம் உன் மாணவி மௌமிதா போன் செய்தாள். உன் அறையை வேறொருவருக்குக் கொடுக்கிறார்களாம். அலமாரியைக் காலி செய்கிறோம், அந்த ஒன்று மட்டும் தனியாக இருக்கிறது, அது உங்களுடையது என்று மேடம் சொல்லியிருக்கிறார், வந்து வாங்கிக்கொள்கிறீர்களா தீதி என்று கேட்டாள். ஜாதவ்பூரில் உன் யுனிவர்சிட்டிக்குப் போனேன். பெட்டியை இரண்டு கையாலும் தந்தாள். தந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். குழந்தைகளின் புற்றைப் பற்றி நீ ஆரம்பித்த ஆராய்ச்சி நிற்கவில்லை. துண்டை எடுத்த பிறகு அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று முழுவதும் தெரிந்த பழைய மெழுகுக் கட்டிகள் கிடைப்பது கஷ்டம். நீங்கள் கொடுத்தால் உதவியாக இருக்கும். கொடுக்காவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டோம். மேடம் இருந்திருந்தால் என்னை இதைக் கேட்கவே விட்டிருக்க மாட்டார்.

கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. மெல்லிசாகச் சீவிக்கொண்டே போவோம், சில வருஷத்தில் தீர்ந்துவிடும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இந்தக் குழந்தைக்கு இன்னது இருந்தது என்று தனியாக உங்களுக்குச் சொல்லவும் முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். மூடியைத் திறந்தவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார்.

"மகாளய அமாவாசைக்குக் கங்கையில விட்டுடலாம்," என்றார். "அவளுக்குன்னு நான் இதுவரைக்கும் ஒண்ணுமே பண்ணலை."

அவர் சொல்வது உண்மை. சின்னக் குழந்தைக்கு எள்ளும் தண்ணீரும் கிடையாது என்று வாத்தியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஒவ்வொரு மகாளயத்துக்கும் விடிகிற நேரத்தில் கரைக்குப் போய்த் தன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தண்ணீர் விடுகிற மனுஷர், மகள் பெயரைச் சொல்ல இடம் இல்லாமல் ஈர வேட்டியோடு திரும்பி வருவார். அதனால் நான் அன்று மறுக்கவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார். இன்னும் சில நாளில் மகாளயம்.

உனக்கு அந்த ரயில் நினைவிருக்கும். நீ வரவில்லைதான், ஆனாலும் வந்தவளைவிட அதிகம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். இங்கே ஆபரேஷன் முடிந்ததும், வேறு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள் என்று சொல்லி, எடுத்த துண்டைப் பதித்த மெழுகுக் கட்டியை எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இந்த ஊரில் யாருக்குப் பெரிய வியாதி வந்தாலும் சென்னைக்கு ரயில் ஏறுவார்கள் இல்லையா, நாங்களும் சாந்த்ராகாச்சியில் ஏறினோம். மெழுகாயிற்றே, ஆந்திரா வெயிலில் உருகிவிடுமே என்று எனக்கும் அவருக்கும் பயம். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு அம்மாள் ஓடிப்போய் ஒரு தெர்மகோல் பெட்டி கொண்டுவந்து, ஐஸ் போட்டு, பத்திரமாக மூடிக் கொடுத்தாள். அவள் வீட்டுக்கு இலிஷ் வந்த பெட்டி. எத்தனை கழுவியும் வாசனை போகவில்லை என்பது கரக்பூர் தாண்டியதும் ரயில் பெட்டி முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர், தன் மனைவியின் கிட்னிக்காகச் சென்னை போகிறவர். மூக்கை உறிஞ்சிப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, பத்மா நதி இலிஷா, டயமண்ட் ஹார்பர் இலிஷா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். என்ன சொல்வது? இவர் என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, டயமண்ட் ஹார்பர் என்று சொல்லிவிட்டார். உறவுக்காரருக்குக் கொண்டுபோகிறீர்களா, நல்ல காரியம் என்றார் பெரியவர். மேல் பெர்த்தில் படுத்திருந்த மதுரா கீழே எட்டிப் பார்த்து, "அம்மா, நாம மீன் சாப்பிட ஆரம்பிச்சுட்டோமா?" என்று தமிழில் கேட்டாள். தலையில் முடி இல்லாமல், கண் மட்டும் பெரிதாக.

சென்னையில் இறங்கியதும் உனக்குப் போன் போட்டேன். நீ முதலில் சிரித்தாய். அப்புறம் திட்டினாய். "மெழுகு அவ்வளவு லேசுல உருகாதுட்டி. சும்மா கைப்பையில போட்டாப் போதும். ஐஸ்லதான் விரிசல் விடும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்றாய். உன்னிடம் கேட்கத் தோன்றவில்லை. அப்போது நீ நெல்லில் வேலை செய்துகொண்டிருந்தாய். நாற்றுக்குள் எந்த ஜீன் எப்போது பேசும், எப்போது வாயை மூடும் என்று பார்ப்பதுதான் உன் வேலை என்பாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் பேங்க்குக்குப் போய்விட்டேன், உன்னை நெல் பிடித்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். என் பெண்ணின் வயிற்றுக்கும் உன் நாற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துகொண்டது ஒரு பந்த் நாளில். மருந்து ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் மதுராவை வெளியே கூட்டிப்போகக் கூடாது, கூட்டம் ஆகாது, புகை ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ஊரே பந்த் என்று திட்டுகிற நாள்தான் எங்களுக்குத் திருநாள். பஸ் இல்லை, புகை இல்லை, ஆள் இல்லை. நடு ரோட்டில் அவள் ராணி மாதிரி நடப்பாள். நீ அவளைக் கையைப் பிடித்து லேக் மார்க்கெட்டில் உன் அப்பா கடைக்குக் கூட்டிப்போவாய்.

உன் அப்பா, எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி, பந்த் நாளில் கடையை முழுக்க அடைத்ததே இல்லை. ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார். கொடி பிடித்தவர்கள் வந்தால் அடைத்திருக்கிறது என்று காட்டலாம். காப்பித்தூள் தீர்ந்துபோன தெரிந்தவர்கள் குனிந்து குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து பொட்டலம் வரும். பெரியவர்கள் யாரும் அதற்குள் நுழைய முடியாது. மதுரா நுழைவாள். உட்கார்ந்து ஒரு தவழ் தவழ்ந்தால் போதும், தலை இடிக்காது. உள்ளே போய் அப்பள மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

அன்று நாம் வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து பெருங்காய வாசனை வந்துகொண்டிருந்தது. ஏன் இப்படி ஆயிற்று, எந்த ஜீன் உடைந்தது என்று நான் உன்னிடம் கேட்டேன். டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி. நீ அந்த ஷட்டரைத் தட்டிக் காட்டினாய்.

"உடையணும்னே இல்லட்டி. இந்தக் கடை தீப்பிடிச்சு எரிஞ்சா கிடக்கு? உள்ள எல்லாச் சரக்கும் அப்படியே இருக்கு. ஷட்டர்தான் இறங்கிக் கிடக்கு. வளர்ந்தது போதும், நில்லுன்னு சொல்லுத ஜீன் சில பிள்ளைகளுக்கு இப்படித்தான். எழுத்துல ஒரு பிழை இருக்காது. வாசல்ல மட்டும் ஏதோ ஒட்டிக்கிட்டு, செல்லு அதைப் படிக்காமலே போயிரும்."

நெல்லிலும் இதுதான் நடக்கிறது, அங்கே அது நல்லதற்கு என்றாய். தேவையில்லாத நேரத்தில் தேவையில்லாத ஜீனை அடைத்து வைக்கிற வழி அது. இங்கே அடைக்கக் கூடாததை அடைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வருகிற புற்றில் வருஷக்கணக்காகச் சேர்ந்த உடைசல்கள் நிறைய இருக்கும். குழந்தைகளுடையதில் பல சமயம் உடைந்ததைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது, அதனால்தான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாய். மதுராவுக்கு இதுதானா என்று கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது என்றாய்.

நாம் பேசியதை அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஷட்டருக்குக் கீழே முகம் மட்டும் தெரிந்தது. சித்தி என்று சொல்லாமல் உன்னை அவள் மாஷி என்பாள், தாத்தா என்று சொல்லாமல் அண்ணாச்சியை தாது என்பாள். பாதிக்குப் பாதி வங்காளிப் பிள்ளை.

"அப்போ தூக்கேன் மாஷி," என்றாள். "ஃபுல்லா வேண்டாம். தாது கடை மாதிரி இவ்வளவு தூக்கினாப் போதும். நான் பூந்து போயிடுவேன்."

நீ எழுந்துபோய், குனிந்து கையை உள்ளே விட்டு அவள் கன்னத்தைத் தொட்டாய். அண்ணாச்சி ஜாடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம் மதுராதான் பேசிக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் துர்கா பூஜை பார்த்தாள். காளி பூஜைப் பட்டாசுச் சத்தம் அவளுக்குப் பிடிக்காது. அதற்கு முன்பே போய்விட்டாள்.

அப்புறம் நீ நெல்லை விட்டு, குழந்தைகளின் புற்றைப் பார்க்கத் தொடங்கினாய். அது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். உன் துறையில் எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை இடத்தில் உன் விண்ணப்பம் திரும்பி வந்தது, புதிதாகச் சேர்ந்த பையன்களோடு உட்கார்ந்து எத்தனை பாடத்தை முதலிலிருந்து படித்தாய் என்பதெல்லாம் அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் மாறினாய் என்று கேட்டவர்களிடம், "நெல்லு போரடிச்சிட்டு" என்றாய். என்னிடமும் அதையேதான் சொன்னாய். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். மதுராவின் பெயரை அதற்குள் நாம் இருவருமே கொண்டுவரவில்லை.

கட்டியை வீட்டில் வைத்திருக்க முடியாமல் உன்னிடம் கொண்டுவந்து கொடுத்த நாளில், நீ ஒரு சின்னச் சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டினாய். 'இது நம்ம மதுரா. கை வைக்காதே.' இங்கே யாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று கேட்டேன். "எனக்குத் தெரியும்லா. எனக்குத்தான் எழுதி வச்சிருக்கேன்," என்றாய். உன் வேலைக்கு இப்படிக் கட்டிகள் எவ்வளவு வேண்டியிருந்தன என்று பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக் கேட்டாய். கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் ஒன்று இருந்தது. ஒரு முறைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்கலாமா என்ற பார்வைகூட உன்னிடம் இருந்ததில்லை.

நான் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டதுண்டு. என் அம்மா இறந்தபோது மதுரா என் வயிற்றில் மூன்றாம் மாதம். பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே இருந்தேன். தாயின் கவலை குழந்தையின் மரபணு மேல் தடம் பதிக்கும் என்று பிறகு ஏதோ பத்திரிகையில் படித்தேன். ஊரிலிருந்து போன் செய்த சொந்தங்கள் அதற்கு முன்பே, விஞ்ஞானம் ஏதும் இல்லாமல், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாசமாக இருக்கும்போது அப்படி அழலாமா என்று. உன் சமையலறையில் நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் அடைத்தேனா என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் என்னிடம் இருக்கிறது.

"உன்னாலன்னு எவனாவது சொன்னா, அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. உனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, காரணம் இன்னதுன்னு நான் ஒண்ணைச் சொன்னா அதுவும் பொய்தான். யாரு அடைச்சான்னு தெரியாதுட்டி. ஆனா இத்தனை பிள்ளைகளோடதைப் பார்த்துட்டேன். ஒண்ணுலகூட ஒரு தாயி அழுத அழுகையை நான் பார்த்ததில்ல. தெரியாததுக்கெல்லாம் தண்டனை அனுபவிக்காத."

அதன் பிறகு வெங்காயத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாய். அழுவதானால் உபயோகமாக அழு என்றாய்.

அன்றைக்கு நான் முழுவதும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் காரணம் சொன்ன காலத்தில், தெரியாது என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேங்க்குக்குப் போனேன், சமைத்தேன், அவரோடு மறுபடி பேசினேன். இப்போது அண்ணாச்சியைப் பார்க்கப் போகும்போது, நல்லாத்தான இருந்தா, ஏன் இப்படி என்று அவர் என்னைக் கேட்கிறார். தெரியாது அண்ணாச்சி என்றுதான் சொல்கிறேன். உன் குரலில் சொல்லப் பார்க்கிறேன், வரவில்லை. கடை இப்போது உன் தம்பியுடையது. பந்த்தும் முன்போல் வருவதில்லை. ஷட்டர் காலையில் ஒரே இழுப்பில் மேலே போய்விடுகிறது.

இன்று காலை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, நீ ஒட்டிய சீட்டைப் படித்தேன். எத்தனையோ முறை படித்ததுதான். கை வைக்காதே என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டது எனக்காக. மதுரா அப்படிச் சொல்லவில்லை. அவள் உன்னிடம் கேட்டது வேறு. அவள் கேட்டதற்காக மற்ற எல்லாக் குழந்தைகளுடையதையும் பார்த்தாய், என்னை நினைத்து அவளுடையதை மட்டும் பார்க்காமல் விட்டாய். கங்கையில் விட்டால் எனக்கும் அவருக்கும் மனசு ஆறும். கொஞ்ச நாளைக்கு ஆறும். பீரோவில் வைத்தால் தினம் காலையில் திறந்து பார்க்கலாம்.

கொடுத்துவிடப் போகிறேன். வெட்ட வெட்டத் தீர்ந்துபோகும் என்று தெரிந்தே கொடுக்கப் போகிறேன். என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். தெரியாமல் இருக்க நீ பழக்கித்தான் வைத்திருக்கிறாய்.

மௌமிதாவிடம் ஒன்றே ஒன்று கேட்பேன். துண்டு வெளியே தெரிகிற வரைக்கும் மேல் மெழுகைச் சீவித் தள்ளுவார்கள் என்று ஒரு நாள் உன் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் காட்டியிருக்கிறாய். சுருள் சுருளாக விழும், அதைக் குப்பையில் கொட்டுவோம் என்றாய். மதுராவுடையது இன்னும் பாதி மெழுகுக்குள்தான் இருக்கிறது. அந்தச் சீவலைக் கொட்டிவிடாமல் ஒரு காகிதத்தில் மடித்துத் தரச் சொல்வேன். அவளோடு இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்த மெழுகு. ஓரத்தில் அவளும் கொஞ்சம் இருக்கலாம். மகாளயத்தன்று அவர் கையில் அது இருக்கும். தண்ணீரில் மிதக்கும், உடனே மூழ்காது, கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதற்கு அவர் ஒப்புவாரா, கோபித்துக்கொண்டு எழுந்து போவாரா, தெரியவில்லை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை. மௌமிதாவிடமும் சொல்லவில்லை.

சீட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். பழைய பசை, கிழியாமல் வந்துவிட்டது. அது என்னிடம் இருக்கட்டும்.

அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். வந்ததும் காபி கேட்பார். காபியோடு சொல்லிவிடப் போகிறேன். ஷட்டரை யாரும் முழுதாகத் தூக்க வேண்டியதில்லை என்று, எந்தக் குழந்தைக்கும் முழங்கால் உயரம் போதும் என்று, அவள்தான் சொல்லியிருக்கிறாளே.